தூரத்து நரி

தோட்டாக்களை எடுத்து வரிசையாக வைக்கும்போது ரோவீனா ஒவ்வொன்றையும் இரண்டு முறை துடைத்தாள். சுத்தக்காரி என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். சுத்தமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பக்கத்துப் பாயில் கிளைவ் வந்து உட்கார்ந்தபிறகு அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டவளே அவள்தான். காலையில் அவள் கேட்டபோது, சுடும் போட்டியில் புள்ளி எழுதும் கிழவர் மெர்வ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"வந்த இடத்துல சண்டை கிண்டை வேணாம்மா. நாய் செத்து எத்தன மாசம் ஆச்சு. விட்டுத் தள்ளு."

"சண்டையா? நான் எதுக்கு மெர்வ் சண்டை போடப்போறேன்?"

டில்லி அவளுடைய ஆட்டுப் பட்டியைக் காத்த நாய். செம்பட்டை நிறம், கழுத்தில் பளீரென்று மஞ்சள் பட்டை. ஒரு சாயங்காலம் வேலி தாண்டிக் கிளைவின் நிலத்துக்குள் போனது, திரும்பி வரவில்லை. நரி என்று நினைத்துச் சுட்டுவிட்டானாம். வாசலுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவன் கையில் பியர், முகத்தில் சிரிப்பு.

"அவ்வளவு தூரத்துலேருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு, ரோ. நான் என்ன பண்ணட்டும்?"

சுடும் சங்கத்தில் எல்லாரும் பாவம் என்று தலையாட்டினார்கள். ஓடுகிற முயலின் காதைத் துளைக்கிறவனுக்கு நாயின் கழுத்துப்பட்டை தெரியாதாம். கேட்கிறவன் கேணையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம்!

இது கடைசிச் சுற்று. கிளைவ் முதலிடத்தில் இருந்தான். அவனுக்கு இரண்டே புள்ளி பின்னால் ரோவீனா. இந்த வருடமும் அவன் ஜெயித்துவிட்டால் தொடர்ந்து மூன்றாவது முறை, கேடயம் அவன் வீட்டுக்கே சொந்தம். அதை மாட்டுவதற்குச் சுவரில் ஆணிகூட அடித்துவைத்திருந்தான். அந்த ஆணியில் ஒன்றும் தொங்கக் கூடாது. டில்லியைப் புதைத்த நாளிலிருந்து ரோவீனா வேறெதையும் வேண்டிக்கொள்ளவில்லை.

"நிதானமா சுடும்மா. நீயே ஜெயிச்சிடலாம்," என்று காதோரம் சொன்னார் மெர்வ்.

"ஜெயிக்கறதுக்கா நான் வந்தேன்?" என்றாள் ரோவீனா.

கிளைவ்தான் சங்கத் தலைவன். எழுந்து நின்று விதியை முழங்கினான்.

"இருநூறு மீட்டர், ஆளுக்கு அஞ்சு குண்டு. நரியோட மார்புல பட்டா பத்து, வால்ல பட்டா ஒண்ணு. எவனாவது திருட்டுத்தனமா ஆறாவது குண்டு சுட்டீங்கன்னா, படத்துல இருக்கறதுலயே மோசமான அஞ்சு ஓட்டைதான் கணக்கு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது. யாரா இருந்தாலும் சரி!"

"உனக்கும்தானே?" என்றாள் ரோவீனா.

"எனக்கும்தாம்மா!" என்று சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தான்.

எதிரே மண்மேட்டின் அடியில் காகித நரிகள் வரிசையாக நின்றன. மெர்வ் "சுடலாம்!" என்று கத்தியதும் பத்துத் துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. மரத்திலிருந்த கிளிகள் கூச்சலிட்டுக்கொண்டு கிளம்பின. மேட்டில் புழுதி பறந்தது.

சத்தம் அடங்கியதும் மெர்வ் தொலைநோக்கியை இறக்கினார்.

"எங்கம்மா சுட்ட? உன் நரிக்குப் பின்னால ஒரு பொட்டுப் புழுதிகூடக் கிளம்பலியே! பறக்கற கிளியையா சுட்ட?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கிளைவ் முழங்கையை ஊன்றி அவள் பக்கம் திரும்பினான்.

"கோவத்தோட துப்பாக்கியத் தொடக்கூடாது ரோ. போ, போய் நல்லதா ஒரு பூனை வாங்கி வளர்த்துக்க."

ரோவீனா துப்பாக்கியைத் திறந்து காலி என்று காட்டிவிட்டுப் பாயில் வைத்தாள்.

எல்லாரும் மேட்டை நோக்கி நடந்தார்கள். ரோவீனாவின் நரி மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"இது பேரன் பேத்தி எடுத்துட்டுதான் சாகும்!" என்றான் கிளைவ். "அவ்வளவுதானப்பா, முடிஞ்சுது. பியரத் திறங்க!"

பெட்டி திறந்தது, பியர் கைமாறியது. மெர்வ் கிளைவின் நரியருகே குனிந்தார். மார்பில் அழகாக ஐந்து ஓட்டை. பிறகு அவர் விரல் மெல்ல வால் பக்கம் போய் அங்கேயே நின்றுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார்.

வால் நுனியில் இன்னும் ஐந்து ஓட்டை. ஒரு தீப்பெட்டியை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும்.

"மோசமான அஞ்சுதான் கணக்கு," என்றார் மெர்வ் தொண்டையைச் செருமிக்கொண்டு. "இந்தச் சுத்துல மொத்தம் அஞ்சு புள்ளி. கேடயம் இந்த வருஷம் வேற யாருக்கோதான். நீ போட்ட சட்டம்தான் கிளைவ்."

கிளைவின் முகம் செத்துப்போயிற்று. ரோவீனாவைப் பார்த்து விரலை நீட்டினான். "வேணும்னே பண்ணியிருக்கா! இவ்வளவு நல்லா சுடறவளுக்கு எது தன்னோட படம்னு தெரியாதா?"

ரோவீனா யாரோ நீட்டிய பியரை வாங்கி ஒரு வாய் குடித்தாள். பிறகு அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"அவ்வளவு தூரத்துலேருந்து பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கு கிளைவ். நான் என்ன பண்ணட்டும்?"