இரண்டு பஸ் மாறி வந்தவள்

“கடலை பறிக்க ஆள் வேணாம். மக கல்யாணம் முடிஞ்சுதான் இனி காட்டு வேலை” என்றாள் சிவனம்மாள், வாசலில் நின்றவளை நிமிர்ந்தும் பாராமல்.

“வேலைக்கு வரல தாயி. அந்தக் கல்யாணத்தப் பத்தித்தான் பேச வந்தேன்.”

அரிசி புடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். காலில் செருப்பில்லை. கணுக்காலுக்கு மேலே புழுதி. ஒரு துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

பேர் பேச்சியம்மாள் என்றாள். ஊர் சாணார்பட்டிக்குக் கிழக்கே. சாணார்பட்டிச் சந்தையைத் தாண்டி அவள் தனியாக எங்கும் போனதில்லை. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் போர்டு படிக்கத் தெரியாமல் கண்டக்டர்களிடம் கேட்டுக் கேட்டு, ஒருமுறை தப்பான பஸ்ஸில் ஏறித் திட்டு வாங்கி இறங்கி, இந்த எரியோடு ஊருக்கு வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

உள்ளேயிருந்து சிவனம்மாளின் புருஷன் சுருளிவேல் வந்தார். அவரைக் கண்டதும் பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வேற்று ஆம்பளை முன்னால் வாய் திறந்து பழக்கமில்லாதவள்.

“மாப்பிள்ள தங்கப்பாண்டிக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆயிருச்சுய்யா” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

“யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. நானே கண்ணால பாத்தேன். அவன் அடிச்ச அடியில அந்தப் புள்ளைக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. இப்பக் கையும் ஒடிஞ்சிருக்கு. அவளப் போட்டுட்டு அவன் திண்டுக்கல்லுல போயி இருந்துக்கிட்டான். என் வீட்டுலதான் கெடக்கா. நான்தான் சோறு ஊட்டுறேன்.”

சிவனம்மாள் முறத்தைத் தரையில் அடித்தாள். “மில்லுல வேலை. ஒரு குண்டுமணித் தங்கம் கேக்கல. தாயில்லாப் புள்ள, சித்தப்பன் கூட வந்து மரியாதையாப் பேசி முடிச்சுட்டுப் போச்சு. அது மேல இப்படிப் பழி போட உனக்கு எப்படி வாய் வருது?”

பேச்சியம்மாள் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

“முதல்ல நீ யாரு? அதச் சொல்லு” என்றார் சுருளிவேல்.

“அந்தப் புள்ளைக்கு வேண்டியவ.”

“ஓகோ. வாழாத மகள வீட்டுல வச்சுக்கிட்டு, என் மக வாழ்க்கையையும் கெடுக்க வந்தியாக்கும்.”

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்களும் கடப்பாரையோடு வந்து நின்றார்கள். “பையில செய்வினை ஏதும் வச்சிருக்காளான்னு பாருங்க” என்றது ஒரு குரல். யாரோ பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். இலையில் கட்டிய பழைய சோறு மண்ணில் விழுந்து சிதறியது. அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“ஊருக்குள்ள வந்து நம்ம மாப்பிள்ளையப் பேசுறா. பாத்துக்கிட்டு நிக்கிறீங்களே” என்றாள் ஒருத்தி.

சுருளிவேல் வேட்டியை மடித்துக் கட்டினார். “சரி. நீ சொல்றது நெசம்னே வச்சுக்குவோம். இப்பவே திண்டுக்கல்லுக்குப் போறேன். அவன வெட்டிப் போட்டுட்டு வாரேன். அதான வேணும் உனக்கு?”

பேச்சியம்மாள் பதறி முன்னால் வந்தாள். “அய்யா, வெட்டல்லாம் வேணாம்யா. அவன் மேல கை வச்சுராதீங்க. கல்யாணத்த மட்டும் நிறுத்துங்க.”

கூட்டம் சிரித்தது. “பாத்தீங்களா, வண்டவாளம் வெளிய வந்துருச்சு” என்றாள் சிவனம்மாள். “அவன் முழுசா வேணும் இவளுக்கு. நம்ம சம்பந்தத்த உடைச்சுட்டு, மகள அவன்கூடத் திரும்பச் சேத்து வைக்கலாம்னு கணக்குப் போடுறா.”

“இல்ல தாயி. அந்தப் புள்ளைய நான் திரும்ப அவன்கிட்ட அனுப்ப மாட்டேன்.”

“மாப்பிள்ளைகிட்டச் சொல்லி விடுறேன், பேச்சியம்மான்னு ஒருத்தி வந்து இப்படிப் பேசிட்டுப் போனான்னு” என்று மிரட்டினாள் சிவனம்மாள்.

“சொல்லுங்க. என்னையும் அடிப்பான். அதுக்குத் துணிஞ்சுதான் வந்தேன்.”

சிவனம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வந்தவளின் முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினாள். பேச்சியம்மாள் முட்டி தேய விழுந்தாள். எழுந்து போய்விடுவாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவள் போகவில்லை. விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னும் அடிக்கணும்னா அடிங்க. சாணார்பட்டிப் பக்கம் வந்து ஒரு வார்த்த விசாரிக்கிறேன்னு சொன்னாத்தான் எந்திரிப்பேன்.”

“கழுத்தப் பிடிச்சு பஸ்ஸுல ஏத்துங்கடா” என்று சுருளிவேல் கத்தினார். பந்தல்காரர் ஒருவர் அவள் தோளில் கை வைத்தார்.

“செத்த இருங்க.”

கல்யாணப்பெண் சண்முகவள்ளி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மஞ்சள் பூசிய முகம் வெளிறியிருந்தது. அப்பா அதட்டியதையும் கேட்காமல் படியிறங்கி வந்து, பேச்சியம்மாள் முன்னால் தெருவிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, நான் நேர்ல வந்து உங்க மகளப் பாக்கணும். அவகிட்டப் பேசணும். அவ பேரு என்ன?”

பேச்சியம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். காலையில் பஸ் ஏறியதிலிருந்து, இதைச் சொல்லாமலே காரியம் முடிந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டு வந்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கு மக கெடையாது தாயி. நான் பெத்தது தங்கப்பாண்டி ஒருத்தனத்தான்.”