தகட்டைத் தொட்ட குழாய்

பேராசிரியர் தமயந்தி தலைமுடியைவிடப் பல்லாயிரம் மடங்கு மெல்லிய கார்பன் நானோ குழாய் ஒன்றைத் தகட்டில் வெட்டிய சிறு பள்ளத்தின் குறுக்கே அந்தரத்தில் நிறுத்தி, அதன் மின் குணத்தை அளந்தபோது ஓர் எண் வந்தது. அதே குழாயைத் தகட்டின் மேல் படியவிட்டதும் எண் இறங்கிவிட்டது. எதைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறதோ, அது அந்தக் குழாயின் மின் குணத்தையே மாற்றிவிடுகிறது. மூன்றாம் முறையும் அளந்துவிட்டு அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆறு வருடங்களுக்கு முன் ஜெயசீலன் என்ற மாணவன் கொண்டுவந்து காட்டியதும் இதே இறக்கத்தைத்தான். மற்றவர்களின் அளவோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக, "நீயாகத் திருத்தி எழுதியிருக்கிறாய்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அவனை ஆய்வகத்தைவிட்டே வெளியே அனுப்பியவர் அவர்தான்.

தேடிப்பிடித்து அவனைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஜெயசீலன், நீ அளந்தது சரிதான்ப்பா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். எல்லாருக்கும் எழுதப்போறேன்."

அவன் சொன்னான்:

"நான் ஏமாத்துனேன்னுதான் அப்பா கடைசிவரைக்கும் நெனச்சாரு மேடம். போன வருசம் இறந்துட்டாரு."

தமயந்தி எதிரே விரிந்து கிடந்த அளவுக் குறிப்பேட்டை மூடிவைத்தார்.

"அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. நீங்களே அவங்ககிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

போன் கைமாறியது.

"யாரும்மா பேசறது?" என்றது தளர்ந்த குரல் ஒன்று.

முப்பது வருடம் வகுப்பெடுத்த தமயந்திக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.