உள்ளே போட்ட பெல்பாட்டம்

“வாத்தியாரே, முழங்காலுக்குக் கீழே என்ன, வீக்கமா?” என்றார் சுங்க அதிகாரி.

பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பின்னே? போன வாரம் பள்ளிக்கூட வாசலில் நின்று என் மகன் நேனாதின் பெல்பாட்டத்தைக் கத்திரிக்கோலால் வெட்டினாரே, அதே போரிவோய் வாத்தியார்தான் இவர். “இது பள்ளிக்கூடமா, சர்க்கஸா?” என்று கேட்டாராம்.

பிள்ளைக்கு இருந்ததே அந்த ஒன்றுதான். வருகிற சனிக்கிழமை, பள்ளிப் படிப்பை முடிக்கிற பிள்ளைகளுக்கு நடன விழா.

“எல்லாரும் பெல்பாட்டத்துல வருவாங்க. நான் மட்டும் குழாய் பேண்ட்ல போய் நிக்கணுமா? போகவே மாட்டேன்மா!” என்று சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

அதற்காகத்தான் எங்கள் ஊர்க்காரர்களோடு பஸ் ஏறி, எல்லை தாண்டி, இத்தாலியில் இருக்கிற திரியெஸ்தே சந்தைக்குப் போனேன். கடைக்காரன் கையை விரித்தான்.

“அந்த அளவுல ஒண்ணே ஒண்ணுதாம்மா இருந்தது. இப்பத்தான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்.”

யார் அந்தப் பாவியோ! காப்பிப் பொட்டலத்தோடு திரும்பினேன்.

உடம்பில் கிடக்கிற துணிக்கு வரி கிடையாது. அதனால் திரும்பி வரும்போது எங்கள் பஸ்ஸில் எல்லாருமே குண்டு. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று பேண்ட் போட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், குழாய் உள்ளே, பெல்பாட்டம் வெளியே. அதிகாரிகளும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள்.

இந்த மனுஷனைக் கௌரவம் விட்டால்தானே? பெல்பாட்டத்தை உள்ளே போட்டு, மேலே தன் குழாய் பேண்ட்டை மாட்டியிருக்கிறார். அகலமெல்லாம் சுருண்டு, பூசணிக்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது.

“மேலே இருக்கறதைக் கழட்டுங்க.”

கழற்றினார். மாம்பழ மஞ்சளில் பெல்பாட்டம் படக்கென்று விரிந்தது. இடுப்பில் பொத்தான் எட்டாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்.

நான் தேடிப் போன அதே பேண்ட்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றை வெட்டினார், இன்னொன்றையும் தட்டிக்கொண்டு போய்விட்டார்!

“உங்களுதா?”

“என்னுதுதான்.”

“அப்போ இப்படியே பஸ் வரைக்கும் நடங்க. வெக்கமா இருந்தா இங்கேயே விட்டுட்டுப் போங்க.”

வாத்தியார் எங்களைப் பார்த்தார். பாதிப் பேர் அவரிடம் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

நடந்தார். அந்த அகலம் தெருவையே பெருக்கிக்கொண்டு போனது. விசில் பறந்தது.

நான் சும்மா இருப்பேனா? “சார், கத்திரிக்கோல் கொண்டு வரட்டுமா?” என்று கத்தினேன். வரிசையே சிரிப்பில் குலுங்கியது. அவர் காது இரண்டும் சிவந்துபோய், ஊர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. திறந்தால், பழைய குழாய் பேண்ட்டில் அவர். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

“நேனாதுக்கு. சனிக்கிழமை நடனத்துக்கு.”

பிரித்துப் பார்த்தேன். மாம்பழ மஞ்சள். துவைத்துத் தேய்த்து மடித்திருந்தது.

“அவன் அளவு உங்களுக்கு எப்படி சார்...”

“வெட்டினவனுக்குத் தெரியாதாம்மா? பள்ளிக்கூடச் சட்டம் சட்டம்தான், வெட்டித்தான் ஆகணும். அதுக்காகப் பிள்ளை நடனத்துக்குப் போகாம இருக்கலாமா?”

வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை. நாலு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

“ஆனா இதைப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் வந்தான்னா, கத்திரிக்கோல் நீங்க கொண்டு வர வேண்டாம். என்கிட்டயே இருக்கு!”