கவுன்சில் வண்டி

“சமையலறைக் குழாய் ஒழுகுது. இன்னைக்கே ஆள் வேணும்.”

இங்கிலாந்தின் ஹல் நகரில், நகராட்சியான கவுன்சில் வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருக்கும் வெரா, கவுன்சிலின் பழுதுபார்ப்பு அலுவலகத்துக்கு போன் செய்தாள்.

“பிளம்பிங் பயிற்சியில இருக்கற பொண்ணுதாங்க இருக்கா. தனியா வேலைக்குப் போறதே இந்த வாரம்தான். பரவாயில்லையா?”

“வரட்டும். வேலையைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

பத்து மணிக்குக் கவுன்சில் வண்டியிலிருந்து கருவிப்பெட்டியோடு இறங்கியவளை வெரா வாசலிலேயே நிறுத்தினாள்.

“அடையாள அட்டையைக் காட்டு.”

காட்டினாள். வெரா அதை வாங்கி நிதானமாகப் படித்தாள். எதிர்வீட்டு ஹில்டா ஜன்னல் திரையை விலக்கினாள்.

“பொம்பளைப் பிள்ளை. இந்த வேலையெல்லாம் உனக்கு வருமா?”

“வருங்க.”

உள்ளே போய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“வாஷர் நல்லாத்தான் இருக்கு. யாரோ ஸ்பேனர் போட்டுத் தளர்த்தியிருக்காங்க. காலையில நான் கிளம்பறப்போ ஒழுகலையே, அம்மா!”

வெராவின் முகம் சிவந்தது.

“நீ படிப்பை விட்டப்போ, உருப்படவே மாட்டேன்னு இந்தத் தெருவே சொல்லுச்சு, டெஸ். நீ அந்த வண்டியில வந்து இறங்கறதை எல்லாரும் பாக்கணும்னு தோணுச்சு.”

மகள் குழாயை முடுக்கினாள். வாசலுக்கு வந்ததும் தெரு முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள்.

“குழாய் சரியாயிடுச்சு, மேடம்! இனி ஏதாவதுன்னா கவுன்சிலுக்கு போன் பண்ணி என் பேரைச் சொல்லுங்க!”