பழுப்புத் தட்டான்

நியூரம்பெர்க் பட்டறையின் ஜன்னல் வெளிச்சம் நேராகப் படத்தின்மேல் விழுகிறது. தட்டானின் கண்ணில் நீலம் இன்னும் காயவில்லை. காலையில் ஆற்றங்கரையில் பிடித்து, கண்ணாடிக் குவளைக்குள் அது படபடக்கும்போதே பார்த்துத் தீட்டிவிட்டு, அப்போலோனியா அதைப் பறக்கவிட்டிருந்தாள். அவள் படங்களை வைத்துப் பூச்சிகளைப் பற்றிப் புத்தகம் போடும் டாக்டர் ஃபோல்க்ஹார்ட் தன் பூச்சிப் பெட்டியைப் படத்துக்குப் பக்கத்தில் ணங்கென்று வைக்கிறார். உள்ளே மூன்று வருஷமாக ஊசியில் குத்தி நிற்கும் அதே வகைத் தட்டான், ஊறிய புகையிலை நிறத்தில் இருக்கிறது. பெட்டி வைத்த அதிர்வில் அதன் கால் ஒன்று உதிர்கிறது. “இது என்னம்மா, சந்தைப் பொம்மையா? என் தட்டான் பழுப்பு. கண்ணால பாக்கறத வரையச் சொன்னா, இஷ்டத்துக்குப் பூசி வெச்சிருக்கே.” அவள் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. “செத்தா நிறம் போயிடும் டாக்டரய்யா. உசுரோட ஒண்ணப் பாத்திருக்கீங்களா?” அவர் கழுத்து சிவக்கிறது. “எனக்கே பாடம் எடுக்கறியா? பெட்டியில இருக்கறது அப்படியே வரணும், ஒண்ணு விடக்கூடாது. முடியலன்னா சொல்லு, மிச்சம் நாப்பது படத்துக்கும் வேற ஆள் இருக்கு.” அவள் நீலத்தைக் கழுவிக் கொட்டுகிறாள். புதுத் தாளில் பழுப்பு இறங்குகிறது. குருட்டுக் கண், சுருங்கிய வால், ஐந்தே கால்கள். டாக்டரின் மூச்சு அவள் தோளுக்குமேல் சீராகிறது. பிறகு அவள் மிக மெல்லிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, தட்டானின் முதுகில் நட்டுக்குத்தாக ஒரு கோடு இழுத்து, அதன் உச்சியில் உருண்டையாக ஒரு கொண்டை வைக்கிறாள். “அது என்ன?” என்கிறார் டாக்டர். “உங்க ஊசி” என்கிறாள் அவள்.