சத்தமில்லாமல் பிரிகிற கூரை

சித்தூர் கடைத்தெருவில் அப்பாவுவின் கடையில் ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தகரம் எல்லாம் கிடைக்கும். குவைத்துக்கு வேலைக்குப் போனவர்களின் பணம் வர ஆரம்பித்த பிறகு சுற்றுவட்டாரத்தில் ஓலைக் கூரைகள் குறைந்துகொண்டே வந்தன. போன வருஷம்தான் கடைக்கு டெலிபோனும் வந்திருந்தது.

கூரை வாங்க வருகிறவர்கள் வெயில் தாங்குமா, மழைக்கு ஒழுகுமா என்றுதான் கேட்பார்கள். அன்று மத்தியானம் லுங்கியில் வந்தவன் வேறு மாதிரி கேட்டான்.

"இந்த ஓட்ட மேல இருந்து பிரிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"பழக்கம் இருக்கறவனுக்கு அஞ்சு நிமிசங்க. ஒண்ணொண்ணா எடுத்து வச்சா சத்தமே வராது."

"ஆஸ்பெஸ்டாஸ்?"

"போல்ட்டக் கழட்டணும். கால மாத்தி வச்சா ஷீட் ஒடஞ்சி ஆளு உள்ள வுழுந்துடுவான்."

"தகரம்?"

"ஏறினாலே தெரு முழுக்க எழுந்துக்கும். எதுக்குங்க கேக்கறீங்க?"

வந்தவன் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான்.

"ஓடு பிரிக்கற ஆளுங்க யாருன்னா இருக்காங்களா? வெளிய மூச்சு வுடக் கூடாது."

அப்பாவு கல்லாவை இழுத்து மூடினார். அந்த மாதத்தில் மட்டும் கங்காதர நெல்லூர் ரோட்டில் மூன்று வீடுகளில் ஓட்டைப் பிரித்து இறங்கி நகைகளைச் சுருட்டியிருந்தார்கள். மூன்றும் அவர் கடை ஓடு. அதற்காகக் கான்ஸ்டபிள் கங்கையா அவரையே இரண்டு தடவை விசாரித்துவிட்டுப் போயிருந்தார்.

"உக்காருங்க, சாம்பிள் எடுத்தாறேன்" என்று உள்ளே போய் போனை எடுத்தார்.

ஸ்டேஷனில் கங்கையாவே பேசினார். அப்பாவு ஒன்று விடாமல் சொன்னார். "சீக்கிரம் வாங்க சார். பேச்சுக் குடுத்துக்கினு இருக்கேன்."

"ஆளு எப்பிடி இருக்கான்?"

"ஆறடி இருப்பான். கட்ட மீச. புருவத்துல வெட்டுத் தழும்பு."

மறுமுனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அப்பாவு, போன் பண்ணதக் காட்டிக்காத. ஓட்ட மாத்திப் போட நல்ல தகரமாப் பாத்துக் குடுத்து, பிரிக்க ஆளையும் அனுப்பு."

"இன்னா சார் சொல்றீங்க?"

"போன வாரம் மாத்தலாகி வந்த எங்க எஸ்.ஐ. தாம்பா அவரு, முந்தாநாளு அவரு வூட்டு ஓட்டப் பிரிச்சி எறங்கிட்டானுங்க, அது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்காரு."