சிபாரிசு

“அந்தப் பயலுக்கு ஒரு மாதிரி, என் தங்கச்சிக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கீங்களே சார், இது உங்களுக்கே நல்லா இருக்கா?”

அறைக்குள் நுழைந்ததும் விருமாண்டி கேட்டது இதைத்தான். ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேரையூரிலிருந்து பஸ் மாறி நாகமலை புதுக்கோட்டை வந்து இறங்கும்வரை மனசுக்குள் ஓட்டிப் பார்த்த கேள்வி. வாசலிலேயே கொட்டிவிட்டான்.

பேராசிரியர் கிறிஸ்துராஜ் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார்.

“உக்காருங்க தம்பி.”

“உக்கார வரல சார்.”

“அண்ணே, வாண்ணே போயிருவோம். சார் மேல தப்பில்லண்ணே” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் தாமரைச்செல்வி.

வேதியியல் எம்.எஸ்சி. முடித்தவள் அவள். வகுப்பிலேயே முதல். அவளும் கூடப் படித்த அழகுராஜாவும் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு பிஎச்.டி. படிக்க விண்ணப்பித்திருந்தார்கள். இருவருக்கும் சிபாரிசுக் கடிதம் கிறிஸ்துராஜிடமிருந்துதான் போனது. இரண்டு பேரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். இருந்தது ஒரே இடம். அது அழகுராஜாவுக்குப் போய்விட்டது.

அழகுராஜா நல்ல பையன்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சீமைக்கருவேலங் கரியை வைத்தே கிணற்றுத் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை எடுத்துவிடலாம் என்று யோசித்ததும் செய்து காட்டியதும் தாமரை. அவன் ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தவன். கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது.

“நீ சும்மா இரு தாமரை. சார், இன்டர்வியூவுல அவன்கிட்ட என்ன சொன்னாங்களாம் தெரியுமா? ‘வேகாத வெயில்ல அலைஞ்சு திரிஞ்சு வேலை பாத்தவன், இப்படி ஒரு மாணவன் கிடைக்கிறது அபூர்வம், விட்டுறாதீங்கன்னு உங்க சார் எழுதியிருக்காரே’ன்னாங்களாம். இவளுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கிட்டிருந்தான், நான் பக்கத்துலதான் நின்னேன். இவகிட்ட என்ன கேட்டாங்க? சொல்லு தாமரை.”

தாமரை மறுபடியும் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நானே சொல்றேன். ‘அடக்கமான பொண்ணு, நேரத்துக்கு வருவா, சொன்ன வேலையைச் செய்வான்னுதான் எழுதியிருக்காரு. ஆராய்ச்சியைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, அதுல உன் பங்கு என்னம்மா’ன்னு கேட்டிருக்காங்க. இவ விக்கித்துப் போயி உக்காந்திருந்துட்டு வந்துட்டா. நேத்துப் பூராம் கேட்டுக் கேட்டு இம்புட்டையும் வாங்கினேன். சிபாரிசா சார் இது? வீட்டு வேலைக்கு ஆள் சேத்து விடுறப்ப சொல்ற மாதிரியில்ல இருக்கு.”

கிறிஸ்துராஜின் முகம் சுண்டிப்போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

“சீட்டுக் கிடைச்சா படிக்கப் போகட்டும், இல்லேன்னா ஆவணியில கல்யாணம்னு மாமன் வீட்டுல பேசி வச்சிருக்கு. எங்கய்யாவை மல்லுக்கட்டி நாந்தான் இந்தமட்டும் நிறுத்தி வச்சிருந்தேன். இனி என்னத்தச் சொல்லி நிறுத்துறது?”

“அடுத்த வருஷம் மறுபடி அப்ளை பண்ணலாம் தம்பி...”

“அடுத்த வருஷம் இவ இடுப்புல புள்ளை இருக்கும் சார்.”

கிறிஸ்துராஜ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். நல்ல மனுஷர்தான், பாவம். எந்த மாணவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை, அதுதான் வினையாகிவிட்டது.

“தப்பு என்னுதுதான். கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வாசிச்சிருக்கணும். வாசிச்சிருந்தா ரெண்டு லெட்டரையும் கிழிச்சுப்போட்டு நானே எழுதியிருப்பேன்.”

விருமாண்டிக்குப் புரியவில்லை. “நீங்க எழுதினதை நீங்களே வாசிக்கலையா? என்ன சார் பேச்சு இது?”

“நான் எழுதல தம்பி. சீசன் வந்தா வாசல்ல வரிசையா நிப்பாங்க. எல்லாருக்கும் உக்காந்து எழுத முடியுதா? ‘நீங்களே எழுதிக் கொண்டாங்கப்பா, கையெழுத்துப் போட்டு அனுப்புறேன்’னு சொல்லிருவேன். இங்க வழக்கமே அப்படி ஆயிப்போச்சு. இந்த ரெண்டும் அப்படித்தான் வந்துச்சு.”

விருமாண்டி தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். அடக்கமான பெண், நேரத்துக்கு வருவாள், சொன்ன வேலையைச் செய்வாள். அத்தனையும் இவளே இவளைப் பற்றி எழுதிக்கொண்டது. அவளைத் திட்ட அவனுக்கு மனசு வரவில்லை. கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“அப்ப அவன் மட்டும் தன்னைத்தானே ஆகா ஓகோன்னு எழுதிக்கிட்டானா? எம்புட்டு நெஞ்சழுத்தம் இருந்தா இவ சீட்டைத் தட்டிப் பறிச்சிருப்பான். இருக்கட்டும், இப்பவே போயி அவனை நாலு வார்த்தை...”

“அவனை ஒண்ணும் சொல்லாதண்ணே” என்றாள் தாமரை. “அவனுக்கு இங்கிலீஷ் சரியா வராதுன்னு அவன் லெட்டரையும் நாந்தான் எழுதிக் குடுத்தேன். அவனைப் பத்தி எழுதுறப்ப எல்லாம் தானா வந்துச்சுண்ணே. என்னையப் பத்தி எழுத உக்காந்தா கூச்சமா இருந்துச்சு.”